கொப்பியைப் பார்க்கும் கமரா: தோட்ட வகுப்பொன்றில் பழைய கைத்தொலைபேசியை வெப் கமராவாகப் பயன்படுத்தியது பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையே பெருந்தெருவிலிருந்து பிரியும் கிளைவீதியொன்றின் முடிவில் அந்தத் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. மேல் டிவிசனில் கோயிலை ஒட்டி ஒரு வாசிகசாலை. ஒரே அறை, தகரக் கூரை, இரண்டு ஜன்னல்கள். 2023 ஆம் ஆண்டு, உயர்தரத்தில் (பல்கலைக்கழகம் புகுவதற்கான பரீட்சை வகுப்பில்) கணிதப் பிரிவில் படித்துக்கொண்டிருந்த ஒன்பது பிள்ளைகள் வார இறுதி மாலைகளில் அங்கே கூடிப் படித்தார்கள். அவர்களில் ஆறு பேர் பெண்கள்.

அவர்களுடைய பாடசாலையில் இணைந்த கணிதம் (தூய கணிதமும் பிரயோக கணிதமும் சேர்ந்த பாடம்) கற்பித்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றிருந்தார். அந்த இடத்துக்கு வேறொருவர் வரவில்லை. ஹட்டனில் தனியார் வகுப்புகள் இருந்தன. ஆனால் மாலை வகுப்பு முடிந்து கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினால், தேயிலை மலைக்கு நடுவே குறுக்குப்பாதையில் இருட்டோடு ஏற வேண்டும். அந்தப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் உண்டு. மழைக்காலத்தில் பாதையே சேறாகிவிடும். பெற்றோர் தயங்கியதில் நியாயம் இருந்தது.

மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவு பெற்றதைப் பலரும் நினைவுகூர்ந்த ஆண்டு அது. அதே ஆண்டில், உயர்தரத்தில் கணிதம் படிக்க விரும்பிய ஒன்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் கிடைக்கவில்லை என்பதை எழுதாமல் மேலே போக என்னால் முடியவில்லை.

மட்டக்களப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற இணைந்த கணித ஆசிரியர் ஒருவர், சனி, ஞாயிறு மாலைகளில் இணையவழியே கட்டணமின்றிக் கற்பிக்கச் சம்மதித்தார். வாசிகசாலைக்குக் கொழும்பிலுள்ள ஓர் அலுவலகம் கழித்த கணினி ஒன்று நன்கொடையாக வந்தது. விண்டோஸ் 10, ஒலிபெருக்கி, மலிவான ஒலிவாங்கி எல்லாம் இருந்தன. கமரா மட்டும் இல்லை. இணையத்துக்கு சிம் போட்ட 4ஜி ரவுட்டர் ஒன்றை ஜன்னலோரத்தில் வைத்தோம். வகுப்பு நடந்த இந்த நிலையத்தைக் கவனித்துக்கொண்டவர் அதே தோட்டத்து இளைஞர். பிள்ளைகள் அவரை அண்ணா என்று அழைப்பார்கள். கணினி, இணைப்பு ஆகியவற்றில் அவருக்கு உதவியவர்களில் நானும் ஒருவன்.

முதல் வாரங்களில் கண்டவை

ஆசிரியர் தம் வீட்டில் டெப்லெட்டில் எழுத, அது வாசிகசாலைத் திரையில் தெளிவாகத் தெரிந்தது. குரலும் கேட்டது. அவருக்கோ இங்கிருந்து குரல் மட்டுமே போனது. பாடத்தின் நடுவே, "விளங்குகிறதா?" என்று கேட்பார். "விளங்குகிறது, சேர்" என்று ஒன்பது பேரும் ஒரே குரலில் சொல்வார்கள். வகுப்பு முடிந்ததும் பயிற்சிகளைச் செய்து, கொப்பியைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அவர் சிவப்புக் கோடிட்டுத் திருப்பி அனுப்புவார்.

சில வாரங்களில் ஒரு விடயம் தெளிவாயிற்று. ஒரே பிழை ஒரே பிள்ளையிடமிருந்து திரும்பத் திரும்ப வந்தது. திருத்தியும் பயனில்லை. வாட்ஸ்அப்பில் வந்தவை அழகாகப் பிரதிபண்ணப்பட்ட கொப்பிகள். பிள்ளை முதலில் எழுதி அடித்தவை, தயங்கிய இடங்கள், முதலில் கீறிய படம் எவையும் அவற்றில் இல்லை. ஆசிரியர் அண்ணாவிடம் சொன்னது இது: "விடை பிழை என்று எனக்குத் தெரிகிறது. பிள்ளை எந்த இடத்தில் வழி தவறுகிறது என்று தெரியவில்லை. இப்படி நான் புள்ளி போடலாம், படிப்பிக்க முடியாது."

கமரா எதைப் பார்க்க வேண்டும்

எல்லோரும் முதலில் நினைத்தது, திரையின் மேல் ஒரு வெப் கமராவைப் பொருத்தி வகுப்பு முழுவதையும் காட்டலாம் என்பதுதான். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது தாய்மார் சிலர் முகம் கொடுக்கவில்லை. பெண் பிள்ளைகளின் முகம் இணையத்தில் போவதை அவர்கள் விரும்பவில்லை. யாராவது பதிவுசெய்து வேறெங்காவது போட்டுவிட்டால் என்ன செய்வது என்று ஒரு தாய் நேராகவே கேட்டார். மழுப்பிப் பதில் சொல்லக்கூடிய கேள்வியல்ல அது.

ஆசிரியரிடம் பேசியபோது சிக்கல் தானாகவே தீர்ந்தது. தமக்கு முகம் தேவையில்லை, எழுதும் கையும் கொப்பியும் தெரிந்தால் போதும் என்றார். இந்த வேலை முழுவதிலும் எங்களுக்குக் கிடைத்த மிக நல்ல முடிவு அதுவே என்று இன்றும் நினைக்கிறேன். கமரா மேலிருந்து கீழே, கொப்பியைப் பார்க்க வேண்டும் என்று ஆனவுடன், பெற்றோரின் கவலையும் நீங்கியது. வாங்க வேண்டிய பொருளின் தன்மையும் மாறியது.

ஏன் தொலைபேசி

தாளிலுள்ள பேனா எழுத்தைப் படிக்க, ஓர் அடி தூரத்தில் கூர்மையாகக் குவியும் கமரா வேண்டும். மலிவான வெப் கமராக்களில் பெரும்பாலானவற்றின் குவியம் மாறாதது. நாற்காலியில் இருப்பவரின் முகத்துக்கென்று அதை நிலைப்படுத்தியிருப்பார்கள். கொப்பியைக் கிட்ட வைத்தால் எழுத்து மங்கிவிடும். தானாகக் குவியும் கமராவுக்கு ஹட்டன் கடையில் சொன்ன விலை, கொழுந்து பறிப்பவரின் பத்து நாள் சம்பளத்தைத் தாண்டியது. அப்போது நாட் சம்பளம் 1,000 ரூபா.

தொலைபேசியின் பின்பக்கக் கமரா, சாதாரணத் தொலைபேசியாக இருந்தாலும், இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்தும். கிட்டத்திலும் குவியும், தாளின் வெள்ளையில் எழுத்து கரைந்துபோகாது. பிள்ளையொருத்தியின் தமையன் கொழும்பில் வேலை செய்கிறார். திரை வெடித்ததால் அவர் ஒதுக்கி வைத்திருந்த அன்ட்ரொயிட் 9 தொலைபேசி கிடைத்தது. கமராவுக்குக் குறையில்லை. திரையின் அடிப்பாகத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் தொடுகை வேலை செய்யவில்லை.

கணினியோடு இணைக்காமல், தொலைபேசியையே நேராக அழைப்பில் சேர்த்தால் என்ன என்ற கேள்வியும் எழுந்தது. கணினி இல்லாத வீட்டுக்கு அதுதான் எளிய வழி. எங்கள் நிலையில் அது சரிவரவில்லை. அழைப்புக்கு நாங்கள் பயன்படுத்திய கூகுள் மீட்டின் இலவசக் கணக்கில் இருவர் மட்டும் இருக்கும் அழைப்பை 24 மணி நேரம் வரை நடத்தலாம். மூன்றாவதாக ஒரு கருவி சேர்ந்தால் 60 நிமிடத்தில் முடிந்துவிடும். வகுப்போ இரண்டு மணி நேரம். ஒரே அறையில் இரண்டு கருவிகள் அழைப்பில் இருந்தால், ஒலியை மறக்காமல் அணைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எதிரொலி காதைத் துளைக்கும். அத்துடன் சிம் டேட்டாவும் இரண்டு கருவிகளுக்குமாகச் செலவாகும். ஆகவே கணினி வழியே செல்வது என்று முடிவாயிற்று. தொலைபேசியை நேராகச் சேர்ப்பதை, மின்சாரம் போகும் வேளைக்கான மாற்று வழியாக வைத்துக்கொண்டோம்.

தொலைபேசியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்து, பழைய படங்கள், செய்திகள், கணக்குகள் எல்லாவற்றையும் அழித்த பின்னரே வாசிகசாலைக்குக் கொண்டுவந்தோம். அதில் சிம் இல்லை. படத்தைக் கணினிக்கு அனுப்பும் கமராச் செயலியும் மாற்று வழிக்கான மீட்டும் தவிர வேறு எந்தச் செயலியும் இல்லை. கமராச் செயலிக்குக் கமரா அனுமதி மட்டும் கொடுத்தோம், ஒலிவாங்கி அனுமதி கொடுக்கவில்லை. குரலுக்குக் கணினியில் இருந்த ஒலிவாங்கியே போதும். படமும் குரலும் இரண்டு வழியாகப் போய் முன்னே பின்னே ஆனாலும் தொல்லையில்லை, ஏனென்றால் வாய் அசைவு தெரியாத படத்தில் அதை யாரும் கவனிக்கப்போவதில்லை.

வைபை வழியே

ட்ரொயிட்காம் என்ற செயலியைத் தொலைபேசியிலும், அதற்குரிய மென்பொருளைக் கணினியிலும் நிறுவினோம். செயலியைத் திறந்தால் தொலைபேசித் திரையில் ஓர் ஐ.பி. முகவரியும் (ரவுட்டர் அந்தத் தொலைபேசிக்குக் கொடுக்கும் எண்) 4747 என்ற போர்ட் எண்ணும் தெரியும். அவற்றைக் கணினியில் தட்டினால், தொலைபேசி காணும் காட்சி கணினித் திரைக்கு வந்துவிடும். முதல் நாளே வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

வந்திருந்த பெற்றோர் சிலருக்கு ஒரு பயம் இருந்தது: இப்படிப் படம் ஓடிக்கொண்டேயிருந்தால் டேட்டா தீர்ந்துவிடாதா? வாயால் விளக்கிச் சொல்வதைவிடச் செய்து காட்டுவது மேல் என்று அண்ணா நினைத்தார். ரவுட்டரிலிருந்து சிம்மைக் கழற்றி எல்லோருக்கும் தெரியும்படி மேசையில் வைத்தார். இணையம் நின்றது. திரையில் கொப்பியின் படம் தொடர்ந்து ஓடியது. தொலைபேசியிலிருந்து கணினிக்குப் படம் அறைக்குள்ளேயே போகிறது, வெளி இணையத்தைத் தொடுவதில்லை. டேட்டா செலவாவது கணினியிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் அழைப்புக்குத்தான். அந்தச் சிம் மேசையில் கிடந்ததைப் பார்த்தபின் யாரும் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை.

ஆனால் வைபை நிலைக்கவில்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை படம் உறைந்து நின்றது. கை நகர்ந்துவிடும், திரையில் பேனா பழைய இடத்திலேயே நிற்கும். காரணத்தைத் தேடியபோது விளங்கியது இது: கணினியும் சிறிய வைபை டொங்கிள் மூலமே ரவுட்டருடன் இணைந்திருந்தது. ஒரே படம் தொலைபேசியிலிருந்து ரவுட்டருக்கும், ரவுட்டரிலிருந்து கணினிக்கும், அழைப்பின் பகுதியாக மறுபடி கணினியிலிருந்து ரவுட்டருக்கும் போனது. ஒரே அலைவரிசையில் மூன்று பயணம். போதாக்குறைக்கு, மின்சாரம் போய் வந்த பிறகு ரவுட்டர் தொலைபேசிக்கு வேறு முகவரி கொடுத்துவிடும். பழைய முகவரியைத் தட்டிவிட்டு, கணினி கெட்டுவிட்டது என்று பிள்ளைகள் பதறினார்கள்.

ரவுட்டரில் முகவரியை நிலையாக ஒதுக்கலாம். கணினியை நெட்வேர்க் கேபிளால் ரவுட்டருடன் இணைத்திருந்தாலும் சுமையின் பெரும்பகுதி குறைந்திருக்கும். ஆயினும் தொலைபேசி ஒரே இடத்தில் அசையாமல் இருக்கப்போகிறது என்ற நிலையில், வைபையை நம்பியிருக்கக் காரணமே இல்லை. கேபிளுக்கு மாறுவது என்று முடிவுசெய்தோம்.

கேபிள் வழியே

தொலைபேசியோடு வந்த கேபிளைச் செருகினோம். சார்ஜ் ஏறியது, கணினியோ தொலைபேசியைக் காணவேயில்லை. டிரைவர், மென்பொருள் என்று எங்கெங்கோ தேடிய பிறகு, குறை கேபிளில் இருந்தது தெரிந்தது. சில மலிவான கேபிள்களில் மின்சாரம் போகும் கம்பிகள் மட்டுமே இருக்கும், தரவு போகும் கம்பிகள் இரா. பார்வைக்கு வேறுபாடு தெரியாது. ஒரு படத்தையோ கோப்பையோ அந்தக் கேபிளால் கணினிக்கு மாற்றிப் பார்ப்பதே சுலபமான சோதனை. வேறு கேபிளைப் போட்டதும் கணினி தொலைபேசியை அடையாளம் கண்டது.

அடுத்தது, கேபிள் வழியே தொலைபேசியை அணுகக் கணினியை அனுமதிக்கும் யூ.எஸ்.பி. டிபக்கிங் என்ற அமைப்பு. அது வழக்கமாக மறைந்திருக்கும். தொலைபேசி விவரங்கள் உள்ள பக்கத்தில் பில்ட் நம்பர் என்ற வரியை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும். அங்கே இதை இயக்கலாம். இயக்கிவிட்டுக் கணினியுடன் இணைத்தால், இந்தக் கணினியை அனுமதிக்கலாமா என்று தொலைபேசி கேட்கும். அந்தக் கேள்வி திரையின் அடிப்பாகத்தில் வந்தது. அனுமதிக்கும் பொத்தான் சரியாக, தொடுகை செத்த அந்த இரண்டு விரல் அகலத்துக்குள் இருந்தது.

எத்தனை அழுத்தியும் பலனில்லை. மௌஸை இணைத்து அழுத்தலாம் என்றால், தொலைபேசியில் இருப்பது ஒரே துளை, அதில் கணினியின் கேபிள் இருக்கிறது. கேபிளைக் கழற்றினால் கேள்வியே மறைந்துவிடும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பத்தாம் தரப் பையன் ஒருவன், "அண்ணா, போனைக் குறுக்காகத் திருப்பிப் பாருங்கள்" என்றான். திரை தானாகச் சுழலும் அமைப்பை இயக்கி, செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, செத்த பகுதி இடது ஓரத்துக்குப் போகும்படி திருப்பினார்கள். பொத்தான் உயிருள்ள பகுதிக்கு வந்தது. இந்தக் கணினியை எப்போதும் அனுமதி என்ற கட்டத்தில் அடையாளமிட்டு அழுத்தியதும், அந்தக் கேள்வி பிறகு வரவேயில்லை. அந்தப் பையனே இன்று அந்த நிலையத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறான்.

கேபிளுக்கு மாறிய பின் படம் உறையவில்லை. ஒருமுறைகூட இல்லை என்று சொல்ல மாட்டேன். பழைய கணினி திணறும்போது தடங்கும். ஆனால் ஆசிரியர் அதைப் பற்றி முறையிடுவது நின்றுவிட்டது.

பெட்டி, வெளிச்சம், பனி

தொலைபேசியை மேலிருந்து பார்க்கும்படி எப்படி நிறுத்துவது? தோட்டத்துத் தச்சர் ஒருவர் பழைய தேயிலைப் பெட்டியொன்றைக் கொண்டுவந்தார். முன்பக்கத்தையும் இரண்டு பக்கங்களின் பாதியையும் வெட்டி எடுத்தார். மேல் பலகையில் கமராவின் அளவுக்கு ஒரு துளையிட்டார். தொலைபேசி அந்தத் துளைக்கு மேல் படுத்துக்கொள்ளும். கொப்பி பெட்டிக்குள் இருக்கும். கையை முன்பக்கத்தால் நீட்டி எழுதலாம். பெட்டியின் அடியில் கொப்பியின் நான்கு மூலைகளுக்கும் கோடு கீறினார்கள். கொப்பியைக் கோட்டுக்குள் வைத்தால் முழுப் பக்கமும் படத்தில் விழும். கையில் பிடித்தாலோ புத்தகங்களை அடுக்கி மேலே வைத்தாலோ கிடைக்காத நிலைத்தன்மை இதில் கிடைத்தது. கமரா அசையாமல் இருந்ததால் குவியமும் அடிக்கடி அலைபாயவில்லை.

அறையின் கூரை விளக்கு பெட்டிக்குள் எட்டவில்லை. எனவே பெட்டியின் இடப்பக்கத்தில் ஒரு மின்குமிழைப் பொருத்தினோம். முதலில் போட்ட மலிவான எல்.ஈ.டி. குமிழில் ஒரு குறை. கண்ணுக்கு ஒளி சீராக இருந்தது, படத்திலோ கறுப்புப் பட்டைகள் தாளின் மேல் மெல்ல உருண்டன. இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். தரங்குறைந்த குமிழ்களின் ஒளி அதற்கேற்ப வினாடிக்கு 100 முறை கூடிக் குறையும். கமரா அதைப் பட்டையாகப் பிடித்துவிடும். வேறு குமிழைப் போட்டதும் பட்டை போயிற்று. வலக்கையால் எழுதுபவர்களுக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்தால், கையின் நிழல் எழுத்தின் மேல் விழாது. ஒன்பது பேரில் இடக்கைப் பழக்கமுள்ள ஒரு பையனுக்காகக் குமிழை வலப்பக்கத்துக்கும் மாற்றக்கூடியதாகச் செய்தார் தச்சர். யாரும் கேட்காமலே செய்தார்.

மலைநாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று மழைக்காலத்தில் வந்தது. வகுப்பு தொடங்கும்போது படம் பால் ஊற்றியதுபோல் வெளுத்திருக்கும். சற்று நேரத்தில் தானாகவே தெளியும். முதலில் எல்லோரும் குவியத்தைச் சந்தேகித்தார்கள். உண்மையில், பகல் முழுவதும் குளிர்ந்த அறையில் கிடந்த தொலைபேசியின் கண்ணாடி சில்லென்று இருக்கும். பத்துப் பேர் உள்ளே வந்து ஜன்னல்களைச் சாத்தியதும், மூச்சிலும் நனைந்த உடைகளிலும் உள்ள ஈரம் அந்தக் கண்ணாடியில் படியும். தொலைபேசி இயங்கிச் சூடானதும் ஈரம் உலர்ந்துவிடும். வகுப்புக்குக் கால் மணி நேரம் முன்பே கமராவை இயக்கிவைப்பது வழக்கமாயிற்று. துணியால் துடைத்தாலும் ஈரம் திரும்பவும் படியும்.

படத்தை அனுப்பிய விதம்

ட்ரொயிட்காம் கணினியில் ஒரு வெப் கமராவாகவே காட்சியளிக்கும். மீட்டில் கமராப் பட்டியலில் அதைத் தெரிவுசெய்தால் போதும். முதலில் அப்படித்தான் செய்தோம். இரண்டு தொல்லைகள் வந்தன. ஒன்று, தன் பக்கப் படத்தை மீட் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாக மாற்றிக் காட்டும். தம் எழுத்து இடவலம் மாறி இருப்பதைக் கண்டு பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். மறுமுனையில் ஆசிரியருக்கு அது நேராகவே தெரிகிறது என்று சொல்லி நம்பவைக்க நேரம் எடுத்தது. மற்றது பெரிய தொல்லை. இணைப்பு மெலியும்போது இத்தகைய அழைப்புகள் கமராப் படத்தின் தெளிவைக் குறைத்து அசைவைக் காப்பாற்றும். முகத்துக்கு அது சரி. கொப்பிக்கு அப்படியே எதிர்மாறு வேண்டும்: பேனா சற்றுத் தடங்கி நகர்ந்தாலும் பரவாயில்லை, கூட்டல் குறியும் கழித்தல் குறியும் வேறுபட்டுத் தெரிய வேண்டும்.

ஆகவே கமராவை அழைப்பில் அணைத்துவிட்டு, தொலைபேசிப் படம் ஓடும் சாளரத்தையே திரைப்பகிர்வாக அனுப்பினோம். திரைப்பகிர்வு எழுத்தின் கூர்மைக்கு முன்னுரிமை கொடுக்கும். அசையாத தாள் என்பதால் டேட்டாவும் குறைவாகவே போனது. இடவல மாற்றமும் இல்லை. கொப்பியைக் காட்ட நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

வகுப்பில் நடந்தது

கருவி தயாரானதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் மாலை யாரும் பெட்டிக்குள் கையை நீட்ட முன்வரவில்லை. திரையில் தம் எழுத்து பெரிதாகத் தெரிவதும், அடித்துத் திருத்துவதை மற்ற எட்டுப் பேரும் பார்ப்பதும் அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. ஆசிரியரும் அண்ணாவும் கலந்து பேசி, சில வாரங்களுக்குப் பெயர் எழுதாத தனித்தாள்களை மட்டும் பெட்டிக்குள் வைப்பது என்று தீர்மானித்தார்கள். எவருடைய தாள் என்று தெரியாமல் ஆசிரியர் பிழையைப் பேசுவார். அதன் பிறகு, பெட்டியில் எழுதுபவருக்கு மட்டும் தெரியும்படி கணினித் திரையைத் திருப்பி வைத்தார்கள். மற்றவர்கள் தம் இடத்தில் அதே கணக்கைச் செய்தபடி ஆசிரியரின் குரலைக் கேட்டார்கள். கூச்சம் கலைந்த பிறகே கை பெட்டிக்குள் வந்தது.

ஒரு பிள்ளையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். சாய்தளத்தில் வைத்த துணிக்கையின் கணக்குகளில், நிறையின் தளவழிக் கூறுக்கு அவள் சைனுக்குப் பதில் கோசைன் எழுதிவந்தாள். வாட்ஸ்அப் காலத்தில் ஆசிரியர் அதைத் திரும்பத் திரும்பத் திருத்தினார். அவளும் தளத்தின் வழியே என்றால் சைன் என்று மனப்பாடம் செய்துகொண்டாள். தளத்தின் கோணத்தைக் கிடையோடு தராமல் நிலைக்குத்தோடு தந்த கணக்கு வந்ததும் மறுபடி பிழைவிட்டாள்.

பெட்டிக்குள் அவள் எழுதிய மாலையில், ஆசிரியர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முதலில் சமன்பாட்டை எழுதினாள், படத்தைப் பிறகுதான் கீறினாள். நிறையின் அம்புக்குறியைக் கீறியபின் பேனா நின்றது. பிறகு கோணத்தை அந்த அம்புக்கும் தளத்துக்கும் இடையே குறித்தாள். "பிள்ளை, பேனாவை அங்கேயே வையுங்கள்" என்றார் ஆசிரியர். "தளத்துக்குச் செங்குத்தாக ஒரு கோடு கீறுங்கள். இப்போது அந்தக் கோணம் எந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் வரும்?" அவள் கீறினாள், பார்த்தாள், தான் குறித்ததை அடித்துவிட்டு நிறைக்கும் செங்குத்துக்கும் இடையே குறித்தாள். வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் அந்தக் கோணம் எப்போதும் திருத்தமாகவே இருந்தது, ஏனென்றால் விடை தெரிந்த பின் அவள் படத்தை அழகாக மறுபடி கீறியே அனுப்பிவந்தாள். மாதக்கணக்காக ஒரு சொல்லைத் திருத்திக்கொண்டிருந்தவர், உண்மையான பிழையை அந்த ஒரு மாலையில் கண்டார். ஒரு பேனா தயங்கும் இடத்தைப் பார்க்க முடிவது எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன்.

2023 ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை 2024 ஜனவரியில் நடைபெற்றது. ஒன்பது பேரும் தோற்றினார்கள். பெறுபேறுகளை இந்த ஏற்பாட்டின் கணக்கில் எழுதுவது முறையல்ல. பிள்ளைகளின் உழைப்பும் ஆசிரியரின் பொறுமையும் அவற்றில் இருக்கின்றன. ஆசிரியர் உறுதியாகச் சொன்னது ஒன்று: கமரா வந்தபின் ஒரே பிழையை மறுபடி மறுபடி திருத்தும் நேரம் குறைந்தது, பாடத்திட்டத்தை முடிக்க முடிந்தது.

காற்று மழையில் மரம் விழுந்து மின்சாரம் போன மாலைகளிலும் வகுப்பு நின்றுவிடவில்லை. அண்ணாவின் தொலைபேசியில் ஹொட்ஸ்பொட்டை இயக்கி, பெட்டியின் மேலிருந்த தொலைபேசியையே நேராக மீட்டில் சேர்த்தார்கள். வெளிச்சத்துக்கு சார்ஜ் விளக்கு ஒன்று இருந்தது.

பற்றரி வீங்கியது

பரீட்சைக்குப் பின், அடுத்த அணிப் பிள்ளைகளுக்கு வகுப்பு தொடங்கியபோது, தொலைபேசி துளையின் மேல் சமமாகப் படுக்காமல் ஆடியது. எடுத்துப் பார்த்தபோது பின்மூடி நடுவில் உயர்ந்திருந்தது. பற்றரி வீங்கியிருந்தது. உடனே கேபிளைக் கழற்றி, தொலைபேசியை அணைத்து, அழுத்தாமலும் மூடியைத் திறக்காமலும், எரியக்கூடிய பொருள் எதுவுமில்லாத சீமெந்துத் தரையில் வைத்தார்கள். பிறகு ஹட்டனிலுள்ள பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து அப்புறப்படுத்தினார்கள். வீங்கிய லிதியம் பற்றரியைக் குத்தினாலோ வளைத்தாலோ தீப்பிடிக்கக்கூடும். பலகைப் பெட்டி, கொப்பிகள், பிள்ளைகள் நிறைந்த அறையில் அது சிறிய விடயமல்ல.

தொலைபேசி வாரம் முழுவதும் கேபிளிலேயே இருந்தது. சில கணினிகளில் கணினியை அணைத்தாலும் யூ.எஸ்.பி. துளையில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பழைய பற்றரி நாட்கணக்கில் முழுச் சார்ஜிலேயே கிடந்தது. வகுப்பு நேரத்தில் கமரா இயங்கும் சூடும் சேர்ந்தது. லிதியம் பற்றரியை விரைவில் கெடுப்பவை இந்த இரண்டும்தான்.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

இப்போது வகுப்பு முடிந்ததும் கேபிளைக் கழற்றுவது நிலையத்தின் விதி. தொலைபேசி பெட்டியில் தங்காது, அலுமாரிக்குப் போகும். மாதத்துக்கு ஒருமுறை அதைச் சமமான மேசையில் வைத்து ஆடுகிறதா என்று பார்ப்பார்கள்.

இரண்டாவது தொலைபேசியும் பழையதே. ஆனால் அடுத்து ஒன்று கிடைத்தால், அன்ட்ரொயிட் 14 அல்லது அதற்குப் பிந்தியதா என்று முதலில் பார்ப்போம். அந்தப் பதிப்பிலிருந்து சில தொலைபேசிகளை எந்தச் செயலியும் இல்லாமல் யூ.எஸ்.பி. வெப் கமராவாக இணைக்கலாம். கேபிளைச் செருகியதும் வரும் யூ.எஸ்.பி. தெரிவுகளில் வெப் கமரா என்பதும் இருக்கும். எல்லா நிறுவனங்களும் அதைத் தம் தொலைபேசிகளில் சேர்க்கவில்லை என்பதால், வாங்கும் முன் கையிலெடுத்துச் சோதிக்க வேண்டும். டெவலப்பர் அமைப்பு, அனுமதிக் கேள்வி எல்லாம் அதில் தேவையில்லை. ஐபோனும் மக் கணினியும் உள்ளவர்களுக்கு 2022 இல் வந்த ஐ.ஓ.எஸ். 16, மக் ஓ.எஸ். வெஞ்சுரா பதிப்புகளிலிருந்து இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் அதற்கு இடமில்லை.

வேலையின் ஒழுங்கையும் மாற்றுவோம். ஆசிரியர் எதைப் பார்க்க வேண்டும் என்பதை முதல் நாளே அவரிடம் கேட்போம். பெற்றோர் கூட்டம் அதற்கு அடுத்தது. கேபிளையும் பெட்டியையும் தயார்செய்துவிட்டு மென்பொருளைக் கடைசியில் நிறுவுவோம். பிள்ளைகளின் கூச்சத்துக்கு வாரங்களை ஒதுக்கிப் பாடத்திட்டத்தைப் போடுவோம். பெயரில்லாத் தாள்களோடு தொடங்குவது இனி விதிவிலக்கல்ல, வழக்கமான முதற்படி.

கீழ் டிவிசனில் பிள்ளைக் காம்பராவை (தோட்டத்துக் குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தை) ஒட்டிய அறையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு இதே போன்ற வகுப்பு தொடங்கவிருக்கிறது. தச்சர் இரண்டாவது பெட்டியைச் செய்துகொண்டிருக்கிறார். சிறிய பிள்ளைகளின் கை நீளத்துக்கு ஏற்ப அதன் முன்பக்கத்தைச் சற்று அகலமாக வெட்டச் சொல்லியிருக்கிறோம்.